காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்: இலங்கைப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

அண்டை நாட்டுப் பயணங்கள் குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இலங்கையைப் பற்றியே இருந்ததால், இம்மாதப் பகுதி முழுவதையும் அந்தத் தீவுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நானும் என் கணவரும் டிசம்பர் கடைசி வாரத்தில் ஏழு நாள் பயணமாக இலங்கை செல்ல எண்ணியுள்ளோம். கொழும்பில் தொடங்கி யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, நுவரெலியா, காலி என்று தீவையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாமா? தமிழ்நாட்டில் பாதி அளவுதானே என்கிறார் என் கணவர். (ஒரு வாசகி, கும்பகோணம்)

உங்கள் கணவரின் கணக்கில் பிழையில்லை. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். இலங்கையின் பரப்பு 65,610. ஆனால் அந்தப் பாதியை நம்பித் திட்டம் போட்டவர்கள் விடுமுறையின் பெரும்பகுதியைக் காரின் பின்னிருக்கையில் கழித்துவிட்டுத் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்து காலிக்கு அதிவேக நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏறத்தாழ அதே தொலைவில் இருக்கும் கண்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் வளைவுக்கு வளைவு வண்டி மூச்சு வாங்கும் அந்த மலைப் பாதையில் அரை நாள் போய்விடும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணமோ 400 கிலோமீட்டர். நீங்கள் எழுதியிருக்கும் ஆறு ஊர்களை ஏழு நாளில் தொட்டுவிடலாம், பார்க்க முடியாது.

தொலைவை விடப் பெரிய தடை ஒன்று உண்டு. தீவின் தென்பாதியில், நட்டநடுவே, பிதுருதலாகலை என்னும் 2,524 மீட்டர் உயரச் சிகரத்தைத் தலையாகக் கொண்டு ஒரு மலைத்தொகுதி நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையின் மேற்குச் சரிவில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வறண்டு போகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் கணக்கு இதற்கு நேர்மாறானது. தென்மேற்கு ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள உலர்வலயம் 1,750 மில்லிமீட்டருக்குக் கீழே, அதுவும் பெரும்பாலும் சில மாதங்களுக்குள், பெற்று முடித்துவிடும். யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர்கள் காற்றை வெறுமனே காற்று என்று சொல்வதில்லை. தெற்கிலிருந்து வந்தால் சோளகம், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கச்சான் என்று பெயர் சொல்லித்தான் படகை இறக்குவார்கள். சுற்றுலாப் பயணியும் அப்படித்தான் கிளம்ப வேண்டும் என்பது என் கட்சி.

நான் இதைக் கற்றுக்கொண்டது பட்டுத்தான். பல ஆண்டுகளுக்கு முன், விலை மலிவாகக் கிடைத்ததே என்று டிசம்பர் மாதத்தில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் நான்கு நாட்களுக்கு அறை எடுத்தேன். நான்கு நாளும் கடல் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. படகுகள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விடுதிப் பணியாளர் ஒவ்வொரு காலையும் தேநீரோடு வந்து, "இது வாடைக் காலம் ஐயா, நீங்கள் வைகாசியில் வந்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறை ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது முதல் நாளே புரிந்துவிட்டது.

ஆகவே டிசம்பருக்கு யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கண்டியில் இரண்டு இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு, காலிப் பக்கம் இரண்டு இரவு, கடைசி இரவு கொழும்பு என்று வைத்துக்கொண்டால் அறுபதைக் கடந்தவர்களுக்கு அது நிதானமான பயணமாக அமையும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கம்பளிச் சட்டை கட்டாயம். ஆண்டிறுதி வாரத்தில் தென்கடற்கரை ஐரோப்பியர்களால் நிரம்பி வழியும், வாடகையும் ஏறியிருக்கும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போட முடிந்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள்.

பள்ளி விடுமுறையில்தான் எங்களால் வர முடியும். மே மாதத்தில் இலங்கையில் மழை என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். குழந்தைகளோடு எங்கே போகலாம்? (ஒரு வாசகர், ஈரோடு)

பயமுறுத்துகிறவர்கள் கொழும்பையும் காலியையும் மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மே மாதம் கிழக்குக் கரைக்கு உரிய மாதம். மேலே சொன்ன நிலாவெளிக்கே மறுபடி ஒரு மே மாதத்தில் போனேன்; அதே கடல், கண்ணாடித் தட்டில் ஊற்றிய நீர் போலக் கிடந்தது. அங்கிருந்து படகில் சற்று நேரத்தில் புறாத்தீவை அடையலாம். அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். முழங்கால் ஆழத்திலேயே பவளப்பாறைகள் தொடங்கிவிடுவதால் குழந்தைகள் அவற்றின் மீது கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. சிறிய சுறாக்கள் அருகில் நீந்தும். மனிதர்களை அண்டாமல் விலகிப் போய்விடுபவை அவை. மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடாவில் கடல் வெகுதூரத்துக்கு ஆழமின்றிக் கிடக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அதைவிடப் பொருத்தமான கடற்கரையை நான் இந்தத் தீவில் காணவில்லை.

திருகோணமலையில் கோணேசுவரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். இன்றைய கோயில் கடலுக்கு மேலே செங்குத்தாக எழும் பாறையின் உச்சியில் இருக்கிறது, அதற்குப் போகும் வழியோ கோட்டைக்குள்ளாகச் செல்கிறது. அந்தக் கோட்டைக்குள் மான்கள் நாய்க்குட்டிகளைப் போல மனிதர்களின் பையை முகர்ந்துகொண்டு திரியும். வாழைப்பழச் சீப்பு வாங்கிப் போகிறவர்கள் சாமிக்கு என்று சிலவற்றை ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால், முழுநிலவு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாவியில் மீன் பாடும் என்பது அந்த ஊரின் பெருமை. ஊரின் அடைமொழியே "மீன்பாடும் தேன்நாடு" என்பது. கல்லடிப் பாலத்தருகே படகை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்வார்கள். நான் கேட்டபோது, ஈரவிரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தடவினால் எழுவது போன்ற ஒரு மெல்லிய இழுவை கேட்டது. மீனா, கிளிஞ்சலா, நீரடிப் பாறையா என்ற வழக்கைப் படகோட்டியிடம் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அந்த ஊர் எருமைத் தயிரை மண்சட்டியோடு வாங்கிச் சாப்பிடாமல் வருவது வீண்.

கண்டியிலிருந்து எல்ல வரையிலான ரயில் பயணத்தின் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். முதல் வகுப்பில் பதிவு செய்தால் வசதியாக இருக்குமா? (ஒரு வாசகி, சென்னை)

வசதியாக இருக்கும்; ஆனால் ஏக்கம் தீராது. முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியின் சன்னல்கள் திறக்காதவை. இந்தப் பாதையின் சிறப்பே யூகலிப்டஸ் வாசனையும் ஈரமும் முகத்தில் அறைவதுதான் என்பதால், சன்னல் திறக்கும் இரண்டாம் வகுப்பு அல்லது மூன்றாம் வகுப்பு முன்பதிவுப் பெட்டியே நல்லது. பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். கிடைக்கவில்லை என்றால் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி, நானுஓயா வரை நின்றுகொண்டு வந்தால், நுவரெலியா செல்பவர்கள் அங்கே இறங்கியதும் உட்கார இடம் கிடைப்பது வழக்கம்.

கண்டியிலிருந்து எல்ல வரை ஆறு, ஏழு மணி நேரப் பயணம். வண்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலை நிலையம் வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். ஏற்றத்தின் முழுவதும் தேயிலை, உச்சியில் மூடுபனிக் காடு, இறக்கத்தில் திடீரென்று வெளுத்த புல்மலைகளும் வெயிலும் என்று நிலம் கண்ணெதிரே மூன்று முறை மாறும். நான் முதல் கடிதத்துக்குச் சொன்ன காற்றின் கணக்கைப் பெட்டியில் உட்கார்ந்தபடியே சரிபார்த்துக்கொள்ளலாம்: மேற்கில் மழை கொட்டும் ஜூலையில், ஒரு சுரங்கத்தைத் தாண்டியவுடன் வானம் வெளுத்திருக்கும்.

இன்னொரு செய்தி, இதைப் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். எல்லவில் இறங்கிவிடாமல் தெமோதரை வரையோ பதுளை வரையோ சீட்டு எடுங்கள். படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில்தான் இருக்கிறது. தெமோதரை நிலையத்தில் வண்டி நின்று கிளம்பி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாக வெளியே வரும். வளைந்து வளைந்து இறங்க இடமில்லாத சரிவில் பாதையைக் கொண்டுபோக அன்றைய பொறியாளர்கள் கண்ட உபாயம் அது.

வாசற்படியில் தொங்கியபடி படம் எடுக்கும் பழக்கத்தால் உயிரிழந்தவர்கள் உண்டு. சுரங்கச் சுவருக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. மேலும், பெருமழையில் மண் சரிந்து இந்தப் பாதை நாள்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக, மூடப்படுவதுண்டு. புறப்படுவதற்கு முந்தைய வாரம் வண்டி முழுத் தொலைவும் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் தாத்தாவின் குடும்பம் அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1970-களில் ஒப்பந்தப்படி இந்தியா வந்தார்கள். அவருடைய தங்கை அங்கேயே தங்கிவிட்டாராம். அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்துப் பார்த்துவர முடியுமா? தோட்டத்தின் பெயராக என் தந்தை சொல்வது எந்த வரைபடத்திலும் இல்லை. (ஒரு வாசகர், திண்டுக்கல்)

இந்தக் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதே வகையில் கோத்தகிரியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன.

பெயர் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. மலையகத்துத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று, வெள்ளைக்காரத் துரை தன் சொந்த ஊரையோ மனைவியையோ நினைத்து வைத்த, கம்பெனிப் பதிவேட்டில் உள்ள ஆங்கிலப் பெயர். மற்றொன்று, தொழிலாளர்கள் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர். பெரும்பாலும் ஒரு மரம், ஓர் ஆறு, ஒரு பழைய கங்காணி, ஒரு நிறம் என்று ஏதாவது ஒன்றிலிருந்து பிறந்தது. உங்கள் தந்தை சொல்வது இரண்டாவது பெயராக இருக்கலாம். ஒப்பந்தப்படி வந்தவர்களுக்கு வழங்கப்பட்ட கடவுச்சீட்டு, குடும்ப அட்டை போன்ற பழைய தாள்கள் வீட்டில் இருந்தால் தேடிப் பாருங்கள். பதிவுப் பெயர் அவற்றில் இருக்கக்கூடும். தாள் எதுவும் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. அட்டன் நகரில் வயது முதிர்ந்த ஓட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வரைபடத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

போவதற்கு முன் சில செய்திகளை மனத்தில் வாங்கிக்கொண்டு போனால், பார்ப்பது வெறும் பச்சையாகத் தெரியாது. இலங்கை மலைகளில் முதலில் பயிரானது காப்பி. 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் பரவி அது அழிந்தது. அதற்குச் சற்று முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை வணிக அளவில் பயிரிட்டிருந்தார். காப்பிக் காலத்திலேயே தமிழகத்திலிருந்து ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைக் கண்டி போகும் வழியில் ஒரு படமெடுக்கும் இடமாக மட்டும் வழிகாட்டிகள் காட்டுவார்கள். நடந்து வந்து பிழைத்தவர்கள் மலையேறுவதற்கு முன் வந்து சேர்ந்த ஊர் அது என்பதை நீங்கள் நினைவில் வைத்திருங்கள்.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, உங்கள் தாத்தா வந்த வழி அதுவாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்கும் என்று பிரிந்தது உங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்ததன்று.

தோட்டத்துக்குப் போனால் பிரட்டுக்களத்தைக் காட்டச் சொல்லுங்கள். விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்த இடம் அது. வரிசை வரிசையாக நிற்கும் லயன் வீடுகளில் பல இன்னும் பழைய வடிவிலேயே இருக்கின்றன. ஓர் அறை, முன்னால் ஒரு திண்ணை, அடுத்த வீட்டின் இருமல் கேட்கும் சுவர். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஓரமாக நின்று பாருங்கள். தலையில் மாட்டிய கயிற்றின் பாரத்தில் முதுகில் தொங்கிய கூடையை அல்லது சாக்கை இறக்கி, தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டு, எழுதுகிறவருடைய பேனாவையே அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குறித்த நிறை வந்தால்தான் அன்றைக்கு முழுப் பேர்; வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அந்த நேரத்தில் கேமராவை நீட்டாதீர்கள். சாலையோரச் சரிவில் புன்னகைத்தபடி படத்துக்கு நிற்பவர்கள் வேறு. அது வேறொரு தொழில்.

உறவினர் கிடைத்தால் ஒரு நாள் போதாது. ஊருக்குள் பேருந்து மாலையோடு நின்றுவிடும் என்பதால், தங்கும்படி வற்புறுத்துவார்கள், மறுக்காமல் தங்கிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. அட்டன், தலவாக்கலைப் பக்கத்து மேற்குச் சரிவுத் தேயிலை தரத்தில் உச்சத்தைத் தொடும் காலமும் அதுதான்; வாடைக் காலத்தின் வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் கொழுந்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்தி மணத்தைக் கூட்டிவிடும். கிழக்குச் சரிவான ஊவாவில் அதே வேலையை ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று செய்கிறது. தரமான தேயிலை எந்தச் சரிவில் எப்போது கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டால், அந்தச் சரிவுக்கு எப்போது போகலாம் என்பதற்கும் அதுவே விடை.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்குத் திண்டாடுவோமா? (ஒரு வாசகி, மதுரை)

திண்டாட மாட்டீர்கள், ஆனால் தேங்காய்ச் சம்பலிடம் எச்சரிக்கையாக இருங்கள். இடியப்பம், புட்டு, ரொட்டி எதனுடன் வந்தாலும் அதில் மாசிக்கருவாட்டுத் தூள் கலந்திருக்க வாய்ப்புண்டு. பருப்பிலும் கீரையிலும்கூடச் சில கடைகளில் சேர்ப்பார்கள். "மாசி போட்டிருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் இறைச்சி இல்லை என்ற பொருளில் ஆம் என்று தலையசைத்துவிடுவார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் "சைவக் கடை" என்று பலகை தொங்கும் இடங்களில் இந்தக் கவலை இல்லை. காய்கறிக்கு அங்கே மரக்கறி என்று பெயர்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. சிகிரியா ஏற முடியுமா? ஏற முடியாவிட்டால் அந்தப் பக்கம் போவதில் பயன் உண்டா? (ஒரு வாசகர், சேலம்)

ஏறத்தாழ 1,200 படிகள். கடைசிப் பகுதி, சிங்கச் சிலையின் பாதங்களுக்கு நடுவே தொடங்கி, பாறையோடு ஒட்டிய இரும்பு ஏணிப்படி. ஏறுவதைவிட இறங்குவது முழங்காலைக் கூடுதலாகப் பதம் பார்க்கும். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற அரசன் அந்தப் பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். அடிவாரத்து நீர்த்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு கீழேயே இருந்துவிட்டால் பாதி சிகிரியாவைப் பார்த்தாயிற்று என்று சொல்வேன். மழைக்குப் பிறகு அங்குள்ள நீரூற்றுகள் இன்றும் கசிந்து மேலெழுவதுண்டு.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பொலன்னறுவை. சமதளம், வண்டியில் சுற்றலாம், நமக்கு நெருக்கமான வரலாறு. இராசராசன் காலத்தில் தொடங்கிய படையெடுப்பில் அனுராதபுரம் வீழ்ந்தபின் சோழர்கள் இந்நகரைத் தலைநகராக்கி, சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070-இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றும்வரை ஆட்சி நீடித்தது. இரண்டாம் சிவதேவாலயம் என்று பலகையில் எழுதப்பட்டிருக்கும் சிறிய கற்றளி, சோழ அரசி ஒருவரின் பெயரால் அமைந்த வானவன்மாதேவீச்சரம். தஞ்சை வட்டாரத்துச் சோழர் கோயில் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்து இந்தக் காட்டில் வைத்தது போல இருக்கும். சுவரில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகள் அங்கே இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. நீங்கள் நில்லுங்கள்.

அங்கிருந்து கல்விகாரைக்குப் போனால் ஒரே பாறையில் குடைந்த புத்தர் உருவங்கள். படுத்திருக்கும் உருவம் மட்டும் 14 மீட்டர் நீளம். தலையணையில் தலை பதிந்த இடத்தில் கல் அமுங்கியிருப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். மாலையில் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் உட்காருங்கள். பெயர்தான் சமுத்திரம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய குளம் அது. ஆண்டில் சில மாதமே மழை பெறும் உலர்வலயத்தில் ஒரு நாகரிகம் எப்படி நிமிர்ந்து நின்றது என்பது அந்தக் கரையின் நீளத்தைப் பார்த்தால் விளங்கும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அங்கே அவமதிப்பாகக் கருதப்படும். காவலர்கள் உடனே தடுப்பார்கள்.

எங்கள் ஊரில் கண்டி அரசர் சமாதி இருக்கிறது. கண்டியில் அவர் நினைவாக என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், வேலூர்)

நல்ல கேள்வி. கண்டியின் கடைசி நான்கு அரசர்கள் 1739 முதல் ஆண்ட நாயக்கர் மரபினர். அவர்களில் இறுதியானவர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் நீங்கள் பார்க்கும் முத்து மண்டபம் அவருடையது. கண்டி நகரின் நடுவில் உள்ள ஏரியும், புத்தரின் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையின் முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும் அவர் காலத்தவை. குடிமக்களை வதைத்து ஏரி வெட்டினான் என்ற வசையும் அவர்மேல் உண்டு. மாலையில் அந்த ஏரிக்கரையில் ஊரே காற்று வாங்குகிறது. கண்டி அரசர்களின் அரியணையைப் பார்க்க விரும்பினால் கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அதே கட்டடத்தில் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409 என்ற ஆண்டுக்குரிய சாசனம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தென்திசைத் துறைமுகமான தேவேந்திரமுனையின் தெய்வமான தென்னாவர நாயனாருக்குக் காணிக்கைகளைச் சொல்கிறது. கொழும்பில் உங்களுக்கு அரை நாள்தான் கிடைக்கிறது என்றால், கடைவீதிகளை விட்டுவிட்டு இந்த ஒரு கல்லின் முன் நில்லுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போய், மூன்று நாள் தங்கித் திரும்பலாமா? (ஒரு வாசகர், மயிலாடுதுறை)

போகலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவை காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், திரும்பும் நாளுக்கு மறுநாளே அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர்கள் சென்னை விமானத்தையே நாடட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. இலங்கை அரசின் தளத்தில் மட்டும் பார்த்து விண்ணப்பியுங்கள்.

யாழ்ப்பாணம் மலைநாட்டுக்கு முற்றிலும் எதிரான நிலம். வற்றாத ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல் தரையில் இறங்கிய மழை கிணற்றில்தான் திரும்பக் கிடைக்கும், அண்ணாந்து பார்த்தால் பனை. மூன்று நாளில் ஒரு நாளைத் தீவுகளுக்கு ஒதுக்குங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவு கிட்டே; நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே தீவில் சற்றுத் தள்ளித் தள்ளி இருப்பதால் படகில் இரு மொழிப் பக்தர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். நெடுந்தீவுக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பவளக்கல்லைச் சுண்ணாம்பின்றி அடுக்கிய வேலிச்சுவர்கள், ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டு இன்று கட்டவிழ்ந்து திரியும் குதிரைகள், ஒரு பெருக்கமரம் (பாவோபாப் என்னும் பருத்த மரம்), பிறகு காற்று. திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இரவு அங்கேதான்.

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவை ஒட்டிப் போனால் நகரம் முழுவதும் இருபத்தைந்து நாள் அதே பேச்சாக இருக்கும். அறை கிடைப்பது அரிது.

ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற இடத்தைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? (ஒரு வாசகி, உதகமண்டலம்)

ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக விழும் அந்த விளிம்பைக் காலை ஒன்பது மணிக்குள் அடைந்துவிடுங்கள். நடைப்பாதை முழுச் சுற்று ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால், நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். நான் ஒருமுறை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். கம்பித் தடுப்பைத் தாண்டி வெள்ளைத் துணி விரித்தது போல மூடுபனி. எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஒரு கொழும்புக் குடும்பம், மூட்டையிலிருந்து புளிச்சாதம் போலிருந்த ஏதோ ஒன்றைப் பிரித்து எனக்கும் கொடுத்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை பனி விலகவில்லை.